வெடிக்கோட்டில் போட்ட நாற்காலி

கரட்டுமேட்டில் காலை பதினொரு மணிக்கு விசில் ஊதும். விசில் கேட்டதும் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்விட வேண்டும். அந்த ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் சொல்லித்தருவது அதுதான். அ, ஆ எல்லாம் மறுநாள்.

மெட்டில்டா அங்கே கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தது 1981இல். பல்லாவரத்தில் பஸ் ஏறி, கீழ்க்கட்டளைக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, கல் லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதிக்குள் முக்கால் மைல் நடக்க வேண்டும். வீடு கிழக்குத் தாம்பரத்தில். கணவர் அசரியா மின்சார ரயிலில் கார்டு. பிள்ளைகள் இல்லை. காலையில் இவர் பள்ளிக்கூடத்துக்கு, அவர் கடற்கரை ஸ்டேஷனுக்கு என்று ஒரே கேட்டைத் திறந்துகொண்டு கிளம்புவார்கள்.

பள்ளிக்கூடச் சுவரிலிருந்து நூற்றைம்பது அடியில் குவாரி தொடங்கியது. வெடி வைத்தால் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் மேல் கல் வந்து விழும் சத்தம் கேட்கும். சில நாள் கடுகு தாளித்த மாதிரி, சில நாள் தேங்காய் விழுந்த மாதிரி. மெட்டில்டா ஒரு நோட்டுப் போட்டார். தேதி, வெடித்த நேரம், விழுந்த கல், விசில் ஊதினார்களா இல்லையா. ஆறு வருஷத்தில் அந்த நோட்டு நான்காகிவிட்டது. தாசில்தாருக்கு, கலெக்டருக்கு, சுரங்கத் துறைக்கு என்று நோட்டைப் பார்த்து மனு எழுதுவார். பதில் வந்ததில்லை.

1987 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை விசில் ஊதவில்லை. ஏழாம் வகுப்பு காமு அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அகலக் கல் வந்து பம்பின் பிடிமேலேயே விழுந்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அவள் அம்மா கங்கம்மா அந்த நேரம் அதே குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். செய்தி சொல்ல ஆள் மேலே ஏறிப்போன பிறகுதான் கங்கம்மா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

குவாரிக் குத்தகைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, "விசில் ஊதியும் பொண்ணு வெளியே நின்னுருக்கு" என்று போலீசில் எழுதிக்கொடுத்தார். மெட்டில்டாவின் நோட்டில் அந்த நாளுக்கு நேரே 'விசில் இல்லை' என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கவர்மெண்ட் ரெக்கார்டு இல்லீங்களே டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பத்தரை மணிக்கு மெட்டில்டா தன் வகுப்பைத் தலைமை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குவாரியில் சிவப்புக் கொடி நட்டிருக்கும் இடத்துக்கு வெடிக்கோடு என்று பெயர். அதைத் தாண்டி யாரும் இருக்கக் கூடாது. கோட்டுக்கு உள்ளே, பாறையைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டார்.

மருந்து வைக்கிற வேதாசலம் ஓடிவந்தார். பத்து வருஷமாக அந்தப் பாறையில் குழி போட்டு மருந்து திணிக்கிறவர்.

"டீச்சர், எய்ந்துருங்க. குழில மருந்து வச்சாச்சு."

"கொளுத்துங்க."

"இன்னா டீச்சர் பேசறீங்க. நீங்க குந்திகினு இருந்தா நான் எப்புடிக் கொளுத்துவேன்?"

"பிள்ளைங்க அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஆறு வருஷமா கொளுத்துறீங்களே. அதே மாதிரிதான்."

வேதாசலம் திரியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிப்போனார். அன்று வெடி வெடிக்கவில்லை.

ஒன்பது நாள் அப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் மாலைப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். குடையும் நாற்காலியுமாக அந்தப் படம் வெளிவந்த வாரமே மாற்றல் உத்தரவும் வந்தது, கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு. 'பணி நேரத்தில் பள்ளி வளாகத்தை விட்டு வெளியேறியது' என்று காரணம் எழுதியிருந்தார்கள். உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெட்டில்டா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, குவாரி உண்டு. சனிக்கிழமைதோறும் கரட்டுமேட்டில் நாற்காலி போட்டார். ஒன்றரை வருஷம் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வெடி இல்லாமல் போனது.

பக்தவச்சலம் என்பவர் தாம்பரம் வீட்டுக்கு வந்தது 1988 நவம்பரில். கூட்டணியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் அவர். கட்சிக்கு மூன்று தொகுதி ஒதுக்கியிருந்தார்கள், நிறுத்த ஆள் இல்லை.

"உங்க போட்டோவ ஊரே பாத்திருக்கு டீச்சர். நீங்க நில்லுங்க. ஜெயிச்சா முதல் வேலையா அந்தக் குவாரிக் குத்தகையை ரத்து பண்றோம். இது நான் குடுக்கற வாக்கு."

அவர் போன பிறகு அசரியா தட்டில் இருந்த பிஸ்கட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலையை ராஜினாமா பண்ணணும். இன்னும் ஒரு வருஷம் இருந்தா இருபது வருஷ சர்வீஸ் ஆயிடும், பென்ஷன் வரும். யோசிச்சியா?"

"ஒரு வருஷத்துல முந்நூறு வெடி வைப்பாங்க."

மறுநாள் டியூட்டிக்குப் போகும்போது அசரியா ராஜினாமாக் கடிதத்தைத் தானே வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

1989 ஜனவரியில் தேர்தல். மெட்டில்டாவுக்கு மேடைப் பேச்சு வராது. வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே "புரிஞ்சுது டீச்சர்" என்று கத்தும். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பக்தவச்சலம் வாக்குத் தவறவில்லை. நான்கே மாதத்தில் குத்தகை ரத்தானது. கரட்டுமேட்டில் மேளம் வைத்து மெட்டில்டாவை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அதைத் தொடர்ந்த இரண்டு மாதம் தன் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று மெட்டில்டா நினைத்தார்.

ஆகஸ்டில் ஒரு காலை, சத்துணவுக் கூடத்தைப் பார்வையிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் காதில் கம்ப்ரெசர் ஓடும் சத்தம் விழுந்தது. வாசலில் நின்றபடியே பாறையைப் பார்த்தார். மேலே ஆட்கள் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதை முனையில் புதுப் பலகை. குத்தகைக்காரர் பெயர் என்று இருந்த இடத்தில் பக்தவச்சலத்தின் மைத்துனர் பெயர்.

நேரே கட்சி அலுவலகத்துக்குப் போனார். பக்தவச்சலம் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மெட்டில்டா உட்காரவில்லை.

"குவாரிய மூடறதா சொன்னீங்க."

"குத்தகைய ரத்து பண்றதா சொன்னேன். பண்ணியாச்சு. இப்ப இருக்கறது புதுக் குத்தகை. டீச்சர், கோபப்படாம கேளுங்க. இது நம்ம குவாரி."

"நம்மன்னா யாரு?"

"கட்சிதான். நீங்களும்தான். தேர்தல் செலவு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அதை நினைத்து மெட்டில்டாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"இனிமே கேட்பேன். முதல்ல அந்தக் கம்ப்ரெசர நிறுத்துங்க."

நிறுத்தவில்லை. மறுநாள் பத்தரை மணிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வெடிக்கோட்டில் நாற்காலி போட்டார். ஆனால் இந்த முறை அவரை எழுப்ப வந்தது வேதாசலம் இல்லை. கங்கம்மா, பின்னால் ஜல்லி உடைக்கிற பெண்கள் இருபது பேர். கங்கம்மா கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"எய்ந்துரு டீச்சர்."

"கங்கம்மா, உன் பொண்ணுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாதுன்னுதான்..."

"என் பொண்ணு வெரலுக்கு நீ நாயம் கேட்டே. இல்லன்னு சொல்லல. ஆனா குவாரி மூடி ரெண்டு மாசமா எங்க வூட்ல அடுப்பு எரியல. நீ மாலை போட்டுகினு ஊர்கோலம் போனே. ஒரு வாட்டி வந்து, கங்கம்மா இன்னா துன்றேன்னு கேட்டியா?"

மெட்டில்டா குடையை மடக்கினார். நான்கு நோட்டில் எங்கே தேடினாலும் அந்தக் கேள்வி இல்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார். பின்னால் யாரோ ஒருத்தி கைதட்டினாள். கங்கம்மா அவளைத் திட்டி அடக்கியது காதில் விழுந்தது.

தோற்றுப்போய்விட்டார் என்றுதான் பக்தவச்சலம் நினைத்தார். மூன்று நாள் கழித்து மெட்டில்டா மறுபடியும் வந்தார், நாற்காலி இல்லாமல். ஜல்லி உடைக்கிற பெண்களுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு சுத்தியல் குடு" என்றார். கங்கம்மா முறைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பத்தாவது அடியில் இடது கட்டைவிரல் நசுங்கியது. பெண்கள் சிரித்தார்கள். மெட்டில்டா விரலை வாயில் வைத்துக்கொண்டே, ஒரு பெட்டி ஜல்லிக்கு என்ன கூலி, மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொள்கிறார், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். சட்டமன்றம் இல்லாத நாளெல்லாம் அங்கே போனார்.

அந்தப் பேச்சிலிருந்துதான் விஷயம் பிறந்தது. சொன்னது கங்கம்மாவே. "மலைக்கு மேக்கால கல்லே இல்லியா இன்னா? அந்தாண்ட பள்ளிக்கூடம் இல்ல, வூடு இல்ல. லாரிக்கு ரோடு போடணும், அதுக்குக் காசு ஆவும்னு இந்தாண்டயே ஒடைக்கறானுங்க."

மெட்டில்டா ஆறு மாதம் அலைந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆயிரம் அடிக்குள் வெடி கூடாது, மேற்குப் பக்கத்தை அந்தக் கல் உடைக்கும் பெண்கள் சேர்ந்து வைக்கும் சங்கத்துக்கே குத்தகைக்கு விட வேண்டும். இதை மனுவாக எழுதி நாற்பத்திரண்டு பெண்களின் கைநாட்டோடு கோட்டையில் கொடுத்தார். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

1990 ஏப்ரலில் தொழில் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. முதல் நாள் கட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"ரோடு கேளுங்க, தண்ணி கேளுங்க, பஸ் கேளுங்க. குவாரிப் பேச்சு மட்டும் வேணாம். மூணு பேர் இருக்கற கட்சிம்மா இது. நாமே நம்மளத் தாக்கிக்கக் கூடாது."

மறுநாள் மெட்டில்டா அவையில் எழுந்து நின்று நோட்டைப் பிரித்தார்.

"எண்பத்தி மூன்று ஜூன் பதினாறு. பதினொன்று ஐந்துக்கு வெடி. கூரையில் நான்கு கல். விசில் உண்டு. ஜூன் பதினேழு. பதினொன்று பத்துக்கு வெடி. இரண்டு கல். விசில் இல்லை..."

முதலில் சிலர் சிரித்தார்கள். ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றது. அவர் வருகைப்பதிவு எடுக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டே போனார். 1987 ஜூலைக்கு வந்தபோது காமுவின் பெயரைச் சொன்னார். கடைசி அரை நிமிடத்தில், இப்போதைய குத்தகை யார் பெயரில் இருக்கிறது, அவர் தன் கட்சியின் எந்த நிர்வாகிக்கு என்ன உறவு என்று சொன்னார். மணி அடித்தது. அந்தக் கடைசி வாக்கியங்கள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் அதற்குள் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

சாயங்காலமே கட்சி அவரை நீக்கியது. வீட்டு வாசலில் இருந்த கட்சிக் கொடியை இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஏணி எடுத்துக் கொடுத்தது அசரியா.

"கட்சி போச்சு, பதவி போகல இல்ல?" என்று மனைவியிடம் கேட்டார்.

"போகல."

"அப்ப நாளைக்கும் எட்டு பதினஞ்சு வண்டிதானா?"

அந்த நவம்பரில் ஆயிரம் அடித் தடை உத்தரவு வந்தது. மேற்குப் பக்கத்துக் கோப்பு மட்டும் கையெழுத்தாகவில்லை. இரண்டு மாதத்தில் சட்டமன்றமே கலைக்கப்பட்டது. இரண்டு வருஷ எம்.எல்.ஏ. வாழ்க்கை முடிந்தது.

1991 தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மெழுகுவர்த்திச் சின்னம் ஒதுக்கினார்கள். "வேதக்காரம்மா கோயில் சின்னத்தையே வாங்கிகினு வந்துடுச்சு பார்" என்று பக்தவச்சலத்தின் ஆட்கள், மெட்டில்டா கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். அசரியாவும் கங்கம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும்தான் பிரசாரப் படை. ஜீப் கிடையாது. செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும் நடந்தே ஓட்டுக் கேட்டார்கள். அந்த வருஷம் வீசிய அலையில் பெரிய பெரிய மரங்களே சாய்ந்தன. மெட்டில்டாவுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. டெபாசிட் போனது.

முடிவு வந்த அன்று அவர் வீட்டு வாசலில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். மெட்டில்டா கதவைச் சாத்தவில்லை. வெடித்து முடியும் வரை வாசற்படியில் நின்றார். "இதுக்கும் விசில் ஊதலியா?" என்று கேட்டார். கொளுத்தினவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரத்தில் கரட்டுமேட்டில் தடைக் கோட்டுக்குள்ளேயே மறுபடி வெடித்தது. கேட்க டீச்சர் எம்.எல்.ஏ.வாக இல்லை என்கிற தைரியம். வேதாசலமே தாம்பரத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். மருந்து வைக்க மாட்டேன் என்று சொன்னதால் அவருக்கும் வேலை போயிருந்தது.

மெட்டில்டா போய்ச் சேர்ந்தபோது வெடிக்கோட்டில் அவருக்கு இடமே இல்லை. கங்கம்மாவும் நாற்பது பெண்களும் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நவுந்து குந்துங்கடி, டீச்சர் வந்துகினு கீது" என்றார் கங்கம்மா.

"கூலி போயிடுமே கங்கம்மா?"

"போனா போவுது. மேக்கால குத்தகை எங்க பேர்ல வர்ற வரைக்கும் ஒரு கல்லும் ஒடைக்க மாட்டோம். நீ சும்மா குந்து."

மத்தியானம் போலீஸ் வேன் வந்தது. எல்லோரையும் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். சாயங்காலம் விடுவித்தபோது பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி கோட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் வேன், மண்டபம், கோடு. பதினேழு நாள். கல் உடைக்க ஆள் இல்லாமல் லாரிகள் வெறுமனே நின்றன. அதற்கிடையில் மெட்டில்டா நான்கு நோட்டையும் தடை உத்தரவின் நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இன்ஸ்பெக்டர் ஒருமுறை ரெக்கார்டு இல்லை என்று திருப்பிக் கொடுத்த நோட்டு, அங்கே சான்றாவணமாகச் சேர்க்கப்பட்டு முத்திரை குத்தப்பட்டது.

தீர்ப்பு வர இரண்டு வருஷமாயிற்று. கங்கம்மா அதுவரை வேளச்சேரிப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனார். மூன்று பெண்கள் பொறுக்க முடியாமல் பக்தவச்சலத்தின் வேறு குவாரிக்குப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் ஏசக் கூடாது என்று மெட்டில்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 1993இல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிரந்தரமாக மூடப்பட்டது. மேற்குப் பக்கக் குத்தகை அடுத்த வருஷம் பெண்கள் சங்கத்தின் பெயருக்கு வந்தது. ரோடு போட்டது அவர்களே, தாங்கள் உடைத்த ஜல்லியில்.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கரட்டுமேடு ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மெட்டில்டாவும் அசரியாவும் அதற்கு இரண்டு வருஷம் முன்பே தாம்பரத்து வீட்டை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே வாடகைக்கு வந்துவிட்டார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்தவர் பஞ்சாயத்துக்கு நிற்பதா என்று சர்ச் சபையில் சிலர் வருத்தப்பட்டார்கள். மெட்டில்டா நின்றார், ஜெயித்தார்.

பதவியேற்ற மூன்றாம் மாதம் பக்தவச்சலம் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். இப்போது வேறு கட்சி, வேறு தொழில். மூடிய குவாரியின் குழியில் நாற்பது அடிக்குத் தண்ணீர் நின்றது. அதன் கரையில் மனை போட்டு விற்க வரைபடம் கொண்டுவந்திருந்தார். மேசையில் விரித்தார். மெட்டில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேலை வைத்து அளந்தார்.

"பன்னிரண்டாம் நம்பர் மனை தண்ணிக்குள்ள இருக்கு."

"மண்ணு கொட்டினா மேடாயிடும் டீச்சர்."

"பதிமூணு, பதினாலு?"

"அதுவும்தான்."

"நாற்பது அடி ஆழம். பூங்காவுக்கு விட்ட இடமும் தண்ணியிலதான் இருக்கு."

பக்தவச்சலம் குரலைத் தாழ்த்தினார். "இவ்ளோ பாத்துட்டோம், இன்னும் இன்னா டீச்சர் நமக்குள்ள? கோட்டையில உக்காந்தவங்க நீங்க. இந்த ஓடு போட்ட ரூம்ல உக்காந்து ஒரு கையெழுத்துல இன்னா கெட்டுப்போவுது?"

மெட்டில்டா வரைபடத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்டைப் போட்டு அவர் கையில் கொடுத்தார். "கையெழுத்து இல்லை. இதை நீங்க கலெக்டர்கிட்ட கொண்டுபோவீங்க. அதுக்கு முன்னாடி என் கடிதம் அங்கே போயிருக்கும்." பிறகு வாசலைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றார்.

வரைபடம் அதன் பிறகு இரண்டு தடவை வேறு வேறு ஆட்கள் கையில், வேறு வேறு பெயரில் வந்தது. இரண்டு தடவையும் அவர் ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். 1998 கோடையில் சங்கத்துப் பெண்கள் மேற்குப் பக்கத்திலிருந்து கல் கொண்டுவந்து, பிள்ளைகள் விழாமலும் மண் லாரி நுழையாமலும் இருக்கக் குழியைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு அனுமதி வாங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து ஊராட்சித் தலைவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மெட்டில்டா அதே தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதினார்: சுவர் கட்டியாகிவிட்டது, இடிக்க விரும்புகிறவர்கள் நேரில் வரலாம், நான் அங்கேதான் இருப்பேன்.